ஆர்கானிக் சர்க்கரையும் மாற்று இனிப்புகளும்: பேக்கிங்கிலும் நொதித்தலிலும் பிழை நீக்கும் வழிமுறை

வெள்ளைச் சர்க்கரைக்கென எழுதப்பட்ட செய்முறையில் ஆர்கானிக் சர்க்கரையையோ தேனையோ வெல்லத்தையோ சேர்த்து ஏதேனும் கெட்டுப்போனால், பழி உடனே புதிய இனிப்பின் மீது விழுகிறது. இந்தக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்த வகையில், இனிப்பு குற்றவாளியாக இருப்பது அரிது. பெரும்பாலும் படிகத்தின் பருமன், இனிப்போடு கூடவே வரும் நீர், கோப்பையால் அளந்த அளவு, வெப்பநிலை ஆகிய நான்கில் ஒன்றே காரணமாக இருக்கிறது. இவற்றைச் சோதிக்கச் செலவு ஏதும் இல்லை என்பதால், ஒவ்வொரு அறிகுறிக்கும் இவற்றை முதலில் வைத்து, செலவு பிடிக்கும் காரணங்களைப் பின்னால் வைத்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

இனிப்பை எடை போட வேண்டும். 240 மில்லி கோப்பையில் வெள்ளைச் சர்க்கரை சுமார் 200 கிராம் நிற்கும். அதே கோப்பையில் தேன் சுமார் 340 கிராம் நிற்கும். பொடித்த சர்க்கரை சுமார் 120 கிராம்தான் வரும். கோப்பைக்குக் கோப்பை மாற்றியவர் தம்மை அறியாமலேயே செய்முறையை மாற்றிவிட்டார் என்பதே இதன் பொருள்.

அடுத்து, அதே செய்முறையில் கால் பங்கை மட்டும் வெள்ளைச் சர்க்கரையில் செய்து பார்க்க வேண்டும். அதிலும் அதே கோளாறு வந்தால் இனிப்புக்கும் கோளாறுக்கும் தொடர்பில்லை. ஓவன், ஈஸ்ட், மாவு ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். சிறிய அளவாயினும் பல நாள் குழப்பத்தை மிச்சப்படுத்தும் சோதனை இது என்பதால், இதைத் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

# பேக்கிங்

## வெண்ணெயும் சர்க்கரையும் நுரைத்து வரவில்லை. கேக் கனமாக, மேலே பழுப்புப் புள்ளிகளோடு இருக்கிறது

படிகம் பெரிதாக இருப்பது. ஆர்கானிக் கரும்புச் சர்க்கரையின் படிகங்கள் பல சமயம் வெள்ளைச் சர்க்கரையினுடையதைவிடப் பெரியவை. அவை வெண்ணெயில் காற்றைப் பொதியவைக்கும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. கரையாமல் மேற்பரப்பில் தங்குபவை வெந்தபின் புள்ளிகளாகத் தெரிகின்றன. சர்க்கரையை எடை போட்டபின் மிக்ஸியில் சில நொடிகள் மட்டும் ஓட்டி, நைசான மணல் போன்ற பதத்தில் நிறுத்த வேண்டும். மாவாகும் வரை அரைத்தால் காற்றைப் பொதியும் முனைகளே இல்லாமல் போகும்.

வெண்ணெயின் சூடு. 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் வெண்ணெய், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் பளபளப்பாக உருகியிருக்காது. இதைவிடச் சூடாக இருந்தால் எந்தச் சர்க்கரையைப் போட்டாலும் நுரைக்காது.

நுரைக்கவே இயலாத இனிப்பு. தேன், மேப்பிள் சிரப் போன்ற திரவங்களில் படிகம் இல்லை. கேக்கின் எழுச்சி முழுவதும் வெண்ணெய் நுரையை நம்பியிருக்கும் செய்முறையில் இவற்றை முழு அளவுக்கு மாற்றாகப் பயன்படுத்துவது பலன் தராது. பாதிச் சர்க்கரையை விட்டுவைத்து மீதியைத் தேனாக மாற்றுவது அல்லது எண்ணெயில் செய்யும் கேக்குக்கு மாறுவது நல்லது.

## கேக் எழும்பிவிட்டு நடுவில் அமுங்குகிறது, அல்லது அடியில் பிசுபிசுவென ஈரமாக நிற்கிறது

இந்த அறிகுறிக்குத் தேனே அதிகம் காரணமாகிறது. தேனில் ஏறத்தாழ 17 முதல் 18 சதவீதம் நீர் இருக்கிறது. 200 கிராம் சர்க்கரைக்குப் பதிலாக முக்கால் கோப்பை, அதாவது சுமார் 250 கிராம் தேன் போதும். அதற்கு ஈடாகச் செய்முறையில் உள்ள பால் அல்லது நீரில் கால் கோப்பை, அதாவது 60 மில்லி குறைக்க வேண்டும். தேன் அமிலத்தன்மை கொண்டது என்பதால், செய்முறையில் சமையல் சோடா இல்லையெனில் கால் தேக்கரண்டி சேர்ப்பது எழுச்சிக்கு உதவும். இந்தத் திருத்தங்களில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவதே வழக்கமாக நடப்பது.

திரவ இனிப்பு எதுவும் சேர்க்காத கேக்கும் அமுங்கினால், சர்க்கரை மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை கூடக்கூட மாவின் ஸ்டார்ச்சும் முட்டையும் இறுகுவதற்கு அதிகச் சூடு தேவைப்படும். இறுகுவதற்குள் காற்றுக்குமிழிகள் சரிந்துவிடும். மாறாக, ஸ்டீவியா போன்ற செறிவான இனிப்பைப் போட்டுச் சர்க்கரையை முழுவதும் நீக்கினால் கேக் சீக்கிரமே இறுகி, உச்சி கூம்பி, வறண்டுவிடும். ஸ்டீவியாவிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்பு சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 முதல் 300 மடங்கு இனிப்பானது. ஆகவே அது இனிப்பை மட்டும் ஈடுசெய்யும். 200 கிராம் எடையையும் அது பிடித்துவைத்திருந்த ஈரத்தையும் ஈடுசெய்யாது. சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டீவியாவுக்கு மாற்ற விரும்புவோர், பழைய செய்முறையைத் திருத்துவதைவிட ஸ்டீவியாவுக்கென்றே எழுதப்பட்ட செய்முறையை எடுப்பது நல்லது.

வெந்துவிட்டதா என்பதைக் குச்சியால் பார்ப்பதோடு, உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பார்க்கலாம். வெண்ணெய் கேக்குக்கு 96 முதல் 99 டிகிரி வரை வந்திருக்க வேண்டும். அந்தச் சூட்டை எட்டிய பிறகும் அமுங்கினால் அளவில் பிழை. எட்டுவதற்குமுன் எடுத்திருந்தால் நேரத்தில் பிழை.

## மேற்புறம் கருகுகிறது, உள்ளே வேகவில்லை

தேனில் உள்ள ஃபிரக்டோஸ், வெள்ளைச் சர்க்கரையின் சுக்ரோஸைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறும். வெல்லமும் தென்னஞ்சர்க்கரையும் தொடக்கத்திலேயே பழுப்பு நிறம் கொண்டவை என்பதால், மேற்புறத்தின் நிறத்தை வைத்து வெந்ததைக் கணிக்கும் பழக்கம் இவற்றிடம் பொய்த்துவிடும். தேன் சேர்த்த கேக்குக்கு ஓவனின் சூட்டை 15 டிகிரி குறைத்து, நேரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். பாதி நேரம் கடந்ததும் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுவது அடுத்த வழி. தட்டை ஒரு படி கீழே இறக்குவது மூன்றாவது.

இவை மூன்றும் பலிக்காவிட்டால் ஓவனைச் சந்தேகிக்க வேண்டும். ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி விலை குறைவானது. 180 டிகிரியில் வைத்து அரைமணி நேரம் காத்திருந்து, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து தடவை குறித்து, சராசரியை எடுக்க வேண்டும். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் அதற்கேற்பக் குமிழைத் திருப்பிவைத்துச் சமாளிக்கலாம்.

பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டிய இடம்: அளவு ஒருமுறை கூடியும் ஒருமுறை குறைந்தும் தாறுமாறாக இருந்தாலோ, சூடேற்றும் கம்பி ஒரு பக்கம் மட்டும் சிவந்தாலோ, கதவின் ரப்பர் பட்டை கிழிந்து வெப்பம் வெளியேறினாலோ அழைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டையும் மின்கம்பியையும் வீட்டில் திறந்து பார்க்கக்கூடாது. எரிவாயு ஓவனாக இருந்து வாயு வாடை வந்தால், சோதனை எதுவும் செய்யாமல் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, மின்விசைகளைத் தொடாமல் வெளியேறிய பிறகே அழைக்க வேண்டும்.

## குக்கீ தட்டையாகப் பரவிவிடுகிறது, அல்லது பரவவே இல்லை

நைசான சர்க்கரை குக்கீயை அதிகம் பரவவிடும். பருமனான ஆர்கானிக் சர்க்கரை குறைவாகப் பரவவிடும். ஆகவே அரைக்கும் அளவை மாற்றினாலே இரண்டு கோளாறுகளும் பெரும்பாலும் தீரும். பரவுவது மட்டும் நிற்கவில்லையெனில் பிசைந்த மாவை ஒரு மணி நேரம் குளிரவைத்துப் பார்க்கலாம். தேன் சேர்த்த குக்கீ மொறுமொறுப்பாக வருவதில்லை. ஈரத்தை ஈர்ப்பது தேனின் இயல்பு என்பதால் அது மறுநாளே மெத்தென்று ஆகிவிடும். மொறுமொறுப்பு வேண்டுமானால் தேனைக் கைவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

## மெரிங் கசிகிறது, ஐசிங் நறநறக்கிறது

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கரையாத படிகமே. மெரிங்குக்காக முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும்போது நுரையில் சிறிது எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, மணல் தட்டுப்பட்டால் தொடர்ந்து அடிக்க வேண்டும். ஆர்கானிக் சர்க்கரையை நன்றாகப் பொடித்து, ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்ப்பது போதிய தீர்வு. ஐசிங்குக்கு வீட்டில் பொடிப்பவர்கள் 100 கிராமுக்கு 3 முதல் 5 கிராம் ஸ்டார்ச் மாவு சேர்த்து அரைத்து, மெல்லிய சல்லடையில் இருமுறை சலிக்க வேண்டும். ஆர்கானிக் சர்க்கரையில் மிச்சமிருக்கும் மொலாசஸ் (கரும்புச்சாற்றின் கருத்த பாகு) காரணமாக நிறம் தூய வெண்மையாக வராது. அதைக் கோளாறாகக் கருதித் திருத்த முயல வேண்டாம்.

## கேக்கைக் கடித்தால் வாயில் குளிர்ச்சி, ஆறியபின் மணல் போன்ற உணர்வு

இது எரித்ரிட்டால் என்ற படிக வடிவ மாற்று இனிப்பின் அடையாளம். அது கரையும்போது சூட்டை உறிஞ்சுவதால் நாக்கில் குளிர்ச்சி தெரிகிறது. ஆறியதும் மீண்டும் படிகமாகிவிடுகிறது. பொடித்த வடிவத்தில் பயன்படுத்துவதும், தேவையில் பாதியை மட்டும் எரித்ரிட்டாலாக வைத்துக்கொள்வதும் இதைக் குறைக்கும். அதன் இனிப்பு சர்க்கரையில் 60 முதல் 70 சதவீதம்தான் என்பதால் சிலர் அளவைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் மணல் உணர்வும் கூடும். அது தானாகப் பழுப்பாவதும் இல்லை, ஆகவே பொன்னிறத்துக்குக் காத்திருந்து கேக்கை வறளவிட வேண்டாம்.

சைலிட்டால் இனிப்பும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது நாய்களுக்குச் சிறிய அளவிலேயே நஞ்சு. அது சேர்ந்த பண்டத்தை நாய் தின்றுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

## வெல்லம் சேர்த்ததும் பால் திரிந்துவிடுகிறது

பாலும் பாகும் ஒருசேரச் சூடாக இருப்பதே முதல் காரணம். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி மண்ணையும் தூசியையும் நீக்கி, முழுவதும் ஆறவிட்டு, ஆறிய பாலில் கலக்க வேண்டும். அப்படியும் திரிந்தால் அந்த வெல்லத்தில் அமிலமும் உப்பும் மிகுதி. வேறு வெல்லத்துக்கு மாறுவதே சுருக்கமான வழி.

## பிரெட் மாவு எழும்பவில்லை

சூடான கரைசல். வெல்லத்தையோ ஆர்கானிக் சர்க்கரையையோ கொதிநீரில் கரைத்து, ஆறுவதற்குமுன் ஈஸ்ட்டில் ஊற்றுவதுதான் அடிக்கடி நடப்பது. 60 டிகிரியை எட்டும் நீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். 35 முதல் 40 டிகிரி நீரில் ஈஸ்ட்டையும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையையும் போட்டுப் பத்து நிமிடத்தில் நுரைக்கிறதா என்று பார்த்தால், ஈஸ்ட் உயிரோடிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இனிப்பு மிகுதி. மாவின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை போனால் அது ஈஸ்ட்டிடமிருந்து நீரை இழுத்துக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கும். எந்த வகைச் சர்க்கரையும் இதில் விலக்கில்லை. எழும்ப அதிக நேரம் கொடுப்பது முதல் தீர்வு. இனிப்பு மாவுக்கெனத் தயாரிக்கப்படும், சர்க்கரையைத் தாங்கும் ஈஸ்ட்டை வாங்குவது அடுத்தது.

நொதிக்காத இனிப்பு. ஸ்டீவியாவையும் எரித்ரிட்டாலையும் ஈஸ்ட் உண்ணாது. இருந்தாலும் மாவின் ஸ்டார்ச்சிலிருந்தே ஈஸ்ட்டுக்கு உணவு கிடைப்பதால், மெதுவாகவாவது மாவு எழும்பியாக வேண்டும். அறவே எழும்பவில்லையெனில் இனிப்பை விட்டுவிட்டு ஈஸ்ட்டின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும்.

# நொதித்தல்

இங்கே இனிப்பு நுண்ணுயிர்களுக்கு உணவு. பேக்கிங்கில் பிழை நேர்ந்தால் ஒரு கேக் வீணாகும். இங்கே உடல்நலமே பாதிக்கப்படலாம். ஆகவே "கொஞ்சம் பார்க்கலாம்" என்ற மனநிலைக்கு இந்தப் பகுதியில் இடம் கொடுக்க வேண்டாம்.

## கொம்புச்சா ஒரு வாரமாகியும் புளிக்கவில்லை

கொம்புச்சா என்பது சர்க்கரை சேர்த்த தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம். முதலில் இடத்தின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். 24 முதல் 29 டிகிரி வரை நல்லது, 20-க்குக் கீழே போனால் வேலை ஏறத்தாழ நின்றுவிடும். பிறகு தொடக்கப் புளிநீரின் அளவு: முந்தைய தயாரிப்பிலிருந்து குறைந்தது பத்தில் ஒரு பங்கு சேர்த்திருக்க வேண்டும். பிறகு இனிப்பு: லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் உண்மையான சர்க்கரை வேண்டும். ஸ்டீவியாவிலோ எரித்ரிட்டாலிலோ கொம்புச்சா உருவாகாது. வெளிர்நிற ஆர்கானிக் கரும்புச் சர்க்கரை தயக்கமின்றிப் பயன்படும். வெல்லம் போன்ற அடர்ந்த இனிப்புகளில் ஈஸ்ட்டின் கை ஓங்கி, மணமும் சுவையும் கரடுமுரடாவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவற்றைக் கால் பங்குக்கு மேல் சேர்க்காமல் இருப்பது நல்லது. பச்சைத் தேன் தன் நுண்ணுயிர்களையும் கொண்டுவரும். தேனுக்குப் பழகிய தனி நுண்ணுயிர்க் கல்ச்சர் இருந்தாலன்றி அதைத் தவிர்க்க வேண்டும். வாசனை எண்ணெய் ஏற்றிய தேயிலையையும் ஒதுக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியென்றால் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறையப் புளிப்பு கூடும்) காட்டும் தாளை வாங்க வேண்டும். ஏழு நாளில் பிஎச் 4.2-க்குக் கீழே இறங்காத கொம்புச்சாவைக் கொட்டிவிட்டு, நம்பகமான ஒருவரிடமிருந்து புதிய ஸ்கோபியும் (ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வளரும் படலம்) புளிநீரும் பெற்றுத் தொடங்க வேண்டும்.

## மேலே ஏதோ படர்ந்திருக்கிறது

திரவத்தின் உள்ளே தொங்கும் பழுப்பு இழைகள் ஈஸ்ட், கெடுதல் இல்லை. மேலே வழுவழுப்பாக, ஈரமாக, வெளிறிய நிறத்தில் படர்வது புதிய ஸ்கோபி. உலர்ந்து, பஞ்சு போல, வட்டவட்டமாக வெள்ளை, பச்சை, நீலம் அல்லது கருப்பு நிறத்தில் மேற்பரப்பில் மட்டும் நிற்பது பூஞ்சை. மேலே உள்ளதை வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாம் என்ற யோசனை தவறு. திரவம், ஸ்கோபி இரண்டையும் எறிந்துவிட்டுப் பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவ வேண்டும்.

பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். மெருகு பூசிய பழைய பீங்கானில் ஈயம் இருக்கக்கூடும். அமிலம் அதைக் கரைத்தெடுத்துவிடும், அது கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய இடம்: குடித்தபின் ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல், கண் மஞ்சளாதல், கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் தாமதிக்கக்கூடாது; மிச்சமிருக்கும் பானத்தையும் எடுத்துச் செல்வது உதவும். கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும், வேகவைத்ததையும்கூடத் தரக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் கேக் வேகும் சூட்டில் சாவதில்லை.

## நீர் கெஃபிரின் மணிகள் கொழகொழக்கின்றன அல்லது பெருகவில்லை

நீர் கெஃபிர் என்பது நுண்ணுயிர்கள் சேர்ந்த மணிகளைச் சர்க்கரை நீரில் ஊறவைத்து நொதிக்கவைக்கும் பானம். மணிகள் கொழகொழத்தால் தாதுக்கள் மிகுதி: வெல்லத்தையும் மொலாசஸையும் நிறுத்தி, வெளிர்நிறச் சர்க்கரையில் மட்டும் சில முறை ஓட்ட வேண்டும். பெருகவில்லையெனில் தாதுக்கள் குறைவு: வெள்ளைச் சர்க்கரையோடு ஒரு சிட்டிகை வெல்லம் சேர்க்கலாம். இரண்டுக்கும் 48 மணி நேரத்துக்கு மேல் பழைய நீரிலேயே விட்டுவைப்பதும் காரணமாகலாம்.

## புட்டியில் வாயு சேரவில்லை

மூடியில் கசிவு இருக்கிறதா என்று நீரில் கவிழ்த்துப் பார்ப்பது எளிய சோதனை. கசிவு இல்லையெனில், புட்டியில் அடைக்கும்போது நொதிக்கும் இனிப்பு மிச்சமிருந்ததா என்று கேட்க வேண்டும். புளிப்பு முற்றிய பானத்தில் ஸ்டீவியா சேர்த்து அடைத்தால் இனிக்கும், வாயு வராது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கரியமிலவாயு, அதாவது பானத்தின் கொள்ளளவுக்குச் சமமான வாயு கிடைக்கும். லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சேர்த்தால் நன்றாகப் பொங்கும்.

## புட்டி பீறிடுகிறது, அல்லது வெடிக்கும் போலிருக்கிறது

மேலே சொன்ன கணக்கே இங்கே ஆபத்தாகிறது. இனிப்பு மீதமிருக்கும் பானத்தில் "சுவைக்காக" மேலும் இரண்டு கரண்டி தேன் அல்லது பழச்சாறு சேர்த்து அடைத்துவிடுபவர் லிட்டருக்கு 30, 40 கிராம் எரிபொருளை உள்ளே பூட்டிவைத்துவிடுகிறார். சாதாரணக் கண்ணாடி புட்டி, குறிப்பாகச் சதுர வடிவ அலங்காரப் புட்டி, அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

தடுக்கும் வழிகளில் எளியது, ஒவ்வொரு முறையும் ஒரு சோடா பிளாஸ்டிக் புட்டியிலும் அதே பானத்தை நிரப்பிவைப்பது. அது அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகியதும் எல்லாப் புட்டிகளையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். அடுத்தது, அழுத்தத்துக்கென்றே செய்த தடித்த வட்டப் புட்டிகளை வாங்குவது. இனிப்பு கூடுதலாக வேண்டுமெனில் எரித்ரிட்டால் ஏற்றது. ஈஸ்ட் அதை நொதிக்கவைக்காது. ஆனால் அது திரவத்தின் அடர்த்தியைக் கூட்டும் என்பதால், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் அதைச் சேர்ப்பதற்குமுன் அளவெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே ஆபத்தான நிலையில் ஒரு புட்டி இருந்தால் அதைக் குலுக்கவோ சூடாக இருக்கும்போது திறக்கவோ கூடாது. பிள்ளைகளை அப்புறப்படுத்தி, கண்ணைக் காக்கும் கண்ணாடி, தடித்த கையுறை, நீண்ட கை உடை அணிந்து, தடித்த துண்டால் போர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஓர் இரவு முழுவதும் குளிர்ந்தபின் துண்டைப் போர்த்தியபடியே மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். கண்ணில் சில்லு பட்டால் தேய்க்காமலும் பிடுங்காமலும், கண்ணை அழுத்தாமல் மறைத்து, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

## பானத்தில் மது வாடை தூக்கலாக இருக்கிறது

ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ அரைக் கிராம் ஆல்கஹால் வரும். ஆர்கானிக் சர்க்கரைக்கும் தேனுக்கும் இதே கணக்குதான். சேர்க்கும் இனிப்பைக் குறைப்பது, மூடிய புட்டியில் வைக்கும் நாளைக் குறைப்பது, உடனே குளிரவைப்பது என்ற வரிசையில் முயல வேண்டும். முதல் நொதித்தலின்போது வாய் அகன்ற பாத்திரத்தில் துணி கட்டிவைத்தால் காற்று தாராளமாகப் பட்டு, ஆல்கஹாலை அமிலமாக மாற்றும் பாக்டீரியா வேலை செய்யும். நோய்க்காகவோ மருந்துக்காகவோ நம்பிக்கையின் பொருட்டோ ஆல்கஹாலை முற்றிலும் தவிர்ப்பவர்கள் வீட்டில் நொதித்த பானத்தை நாக்கை நம்பிக் குடிக்க வேண்டாம். அளவைத் துல்லியமாகச் சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும்.